மெழுகுச் சிலையைச் செய்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மெழுகு அருங்காட்சியகங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஜாடை தப்பிய சிலைகளின் படங்களைப் போட்டு, ‘இது எந்த நடிகர், கண்டுபிடியுங்கள்’ என்று வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். ஆனால் இரண்டு முழுப் பக்கங்களில் அந்தச் சிலைகளைச் செய்த கைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் ஒரு திருத்தம். லண்டன் மெழுகு அருங்காட்சியகத்தின் கிளையான டெல்லி மேடம் துசாட்ஸ் கன்னாட் பிளேஸில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2017 டிசம்பரில் பழைய ரீகல் திரையரங்கக் கட்டடத்தில் திறந்தது உண்மைதான். கொரோனா காலத்தில் அது மூடப்பட்டு, 2022இல் நொய்டாவில் ஒரு மாலுக்குள் மறுபடி திறந்தார்கள். உங்கள் கட்டுரையை நம்பிக் கன்னாட் பிளேஸில் இறங்குகிறவர் ஆட்டோக்காரரிடம் அகப்பட்டுக்கொள்வார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்மூர்ச் சிலைகளை லண்டன் சிலைகளோடு ஒப்பிட்டுக் கேலி செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அங்கே உயிரோடு இருக்கும் பிரபலம் என்றால் ஆளையே உட்காரவைத்து உடம்பில் இருநூறுக்கும் மேற்பட்ட அளவுகள் எடுக்கிறார்கள். கண்ணின் நிறம், பல், முடி எல்லாவற்றையும் மாதிரிகளோடு ஒத்துப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். அப்புறம் களிமண்ணில் தலை, அதன்மேல் பிளாஸ்டர் அச்சு, அச்சுக்குள் உருக்கிய மெழுகு. ஆறும்போது மெழுகு கொஞ்சம் சுருங்கும், அதனால் களிமண் உருவத்தையே சுமார் இரண்டு சதவீதம் பெரிதாகச் செய்துவிடுகிறார்கள். முடியை ஒவ்வொரு இழையாக ஊசியால் குத்தி நடுவதற்கே வாரக்கணக்கில் ஆகிறது. வெண்விழியில் தெரியும் மெல்லிய நரம்புகளுக்குச் சிவப்புப் பட்டு நூல் வைக்கிறார்கள். துணிக்குள் மறையும் உடம்பு மெழுகே அல்ல, ஃபைபர்கிளாஸ். ஒரு சிலைக்குப் பின்னால் ஒரு குழுவே மாதக்கணக்கில் உழைக்கிறது.

புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்பவரின் நிலைமை வேறு. நேர்முகப் படத்தில் மூக்கு எவ்வளவு தூக்கல் என்று தெரியாது. ஸ்டூடியோ விளக்கு கன்னத்துப் பள்ளத்தை அழித்துவிடும். ஒரு படம் இருபது வயதில் எடுத்தது, இன்னொன்று நாற்பதில். இரண்டையும் சேர்த்து ஒரு முகம் செய்தால், அந்த நடிகருடைய ஒன்றுவிட்ட தம்பி மாதிரித்தான் வரும்.

லண்டன் காட்சியகத்தைத் தொடங்கிய துசாட் அம்மையாரே புகைப்படம் என்ற ஒன்று வருவதற்கு முந்தைய காலத்தில் தொழில் பழகியவர். 1761இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்த மேரி, மருத்துவர் பிலிப் கர்ட்டியஸிடம் இந்த வேலையைக் கற்று, 1777இல் வால்டேரை மெழுகில் செய்தார். பிரெஞ்சுப் புரட்சியில் கில்லட்டினுக்குப் போன தலைகளிலிருந்து அச்சு எடுத்தார். முகத்தின் மேலேயே அச்சு எடுத்தால் ஜாடை எப்படித் தப்பும்? 1802இல் பிரிட்டனுக்குப் போய் ஊர் ஊராக வண்டியில் சிலைகளை ஏற்றிக்கொண்டு காட்சி நடத்தினார். 1835இல்தான் லண்டன் பேக்கர் தெருவில் நிலையாக ஓர் இடம் கிடைத்தது. அவருடைய குரு கர்ட்டியஸின் அச்சிலிருந்து வந்த, மூச்சு விடுவதுபோல மார்பு ஏறி இறங்கும் தூங்கும் அழகி பொம்மை அந்தக் காட்சியகத்தின் பெருமைகளில் ஒன்று. அதை இன்று யாராவது மும்பைக்குப் பக்கத்து மலையூரான லோனாவாலாவில் வைத்தால் ‘பொருட்காட்சி வித்தை’ என்று நீங்கள் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. மின்வெட்டு வந்தால் மும்பை வெயிலில் சிலைகள் உருகி வழிந்துவிடும் என்று கட்டுரையில் இருந்தது. தேன்மெழுகு உருக 62 டிகிரி செல்சியஸாவது வேண்டும். நம்மூர் மே மாதத்தில் மெழுகு இளகும், நாள்பட்டால் உருவம் தொய்யும். ஆனால் வழிந்தோடாது. தீ வேறு விஷயம். 1925இல் லண்டன் காட்சியகம் எரிந்தபோது சிலைகள் உருகிப் போயின, அச்சுகள் தப்பின. அதை வைத்துத்தான் 1928இல் மறுபடி திறந்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியவை தூசியும், சாயம் வெளுப்பதும், மழைக்காலத்து ஈரமும்தான். பல இடங்களில் முகம் கோணலாகத் தெரிவதற்குச் செய்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது, பராமரிப்பும் ஒரு காரணம்.

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் எங்கள் வீட்டில் சுற்றிக்காட்டும் வரிசை மாறுவதே இல்லை. கேட்வே, ஹேங்கிங் கார்டன், எதிரே கமலா நேரு பூங்காவில் பூட்ஸ் வடிவ வீடு, அப்புறம் ஒரு நாள் லோனாவாலா போய்ச் சிக்கி என்ற கடலை மிட்டாயும் மெழுகுச் சிலைகளும். கடைசியாகப் போனது திருநெல்வேலியிலிருந்து வந்த அண்ணன் குடும்பத்தோடு. ஒவ்வொரு சிலையின் காலடியிலும் பலகை. நடிகர் பிறந்த தேதி, நடித்த படங்கள், வாங்கிய விருதுகள் என்று எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததெல்லாம் அதில் இருக்கிறது. இதை யார் செய்தார்கள் என்று மதினி கேட்டார். சீட்டுக் கிழிக்கும் பையனிடம் விசாரித்தேன். “முதலாளியைத்தான் கேக்கணும்” என்றான். முதலாளி ஊரில் இல்லை.

இத்தனைக்கும் அதே லோனாவாலாவில் கேரளத்துச் சிற்பி சுனில் கண்டல்லூர் தன் பெயரிலேயே மெழுகு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார். அவரைப் பற்றியாவது ஒரு பத்தி எழுதியிருக்கலாம். மைசூரில் மெலடி வேர்ல்டு என்று ஒன்று இருக்கிறது. வாத்தியங்களைச் சேகரித்து, வாசிக்கும் மெழுகு உருவங்களோடு வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் ஜாடையைப் பற்றிக் குறை சொல்வதில்லை. மேளம் வாசிப்பவர் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்கு முன்கூட்டியே எந்த எண்ணமும் இல்லை, அதனால் கையையும் தோளையும் வாத்தியத்தைப் பிடித்திருக்கும் விதத்தையும் பார்க்கிறோம்.

மும்பையிலேயே இப்படிப் பார்க்க ஒரு நல்ல இடம் பைக்குல்லா. 1872இல் திறந்த பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தில் களிமண் உருவங்கள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. இந்நகரத்து மக்கள், அவர்கள் உடை, தலைப்பாகை, கைத்தொழில் என்று எல்லாம் சிறு சிறு உருவங்களாக. தாராவியில் குயவர்கள் வாழும் கும்பார்வாடா பக்கம் வளர்ந்தவன் என்பதால் மண்வேலை என்றால் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன். அங்கே நடிகர்கள் யாரும் இல்லை, எனவே செல்ஃபி எடுக்கும் கூட்டமும் இல்லை. பக்கத்து ராணி பாக் மிருகக்காட்சிசாலைக்கு வரும் கூட்டத்தில் பாதி உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. தென்மும்பையில் காலா கோடா (கறுப்புக் குதிரை) என்ற பகுதியின் பெயருக்குக் காரணமான அசல் குதிரைச் சிலையும், அதன்மேல் ஏழாம் எட்வர்டும், 1965 முதல் அந்த வளாகத்துப் பக்கம்தான் நிற்கிறார்கள். பழைய இடத்தில் 2017இல் வைத்த குதிரைக்கு மேல் ஆளே இல்லை. (கட்டுரையில் இதையும் தவறவிட்டீர்கள்.)

செய்தவர் பெயரை மறப்பது மெழுகுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மெரினாவில் உழைப்பாளர் சிலை தெரியாத தமிழர் உண்டா? அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்தவர், டெல்லியின் பதினோரு மூர்த்தி சிலைத் தொகுதியும் அவர் வடித்ததுதான் என்றால் எத்தனை பேர் ‘அப்படியா’ என்பார்கள்?

ஆனால் மும்பை லால்பாக்கில் கதை வேறு. 1934இல் தொடங்கிய லால்பாக் ராஜா பிள்ளையாரைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது காம்ப்ளி குடும்பம் என்று டாக்ஸி ஓட்டுபவர்கூடச் சொல்வார். இந்த மும்பைக்காரர்களே லோனாவாலா போனதும் பெயர் கேட்பதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. பலகையில் இரண்டு விருதைக் குறைத்துவிட்டு, செய்தவர் பெயரையும் ஆண்டையும் போட முதலாளிக்கு என்ன செலவு ஆகிவிடும்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இணைப்பில் உருவம் செய்கிறவர்களை நேரில் போய்ப் பார்த்து எழுதுங்கள். பரேல், லால்பாக் தார்ப்பாய்க் கொட்டகைகளிலிருந்து தொடங்கலாம். நிருபரை ஆடி பிறக்கும் முன்பே அனுப்பிவிடுங்கள். ஆவணியில் போனால் கையில் தூரிகையைக் கொடுத்து ஒரு மூலையில் வேலைக்கு உட்காரவைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
சயான், மும்பை