காட்டுப்பூ விதைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

ஐப்பசி மழைக்கு ஏரிக்கரையில் தூவ வேண்டிய விதைகள் எல்லாம் சுத்தமாகி பாட்டிலுக்குள் போய்விட்டன. வேலையில் பாதி உங்களுடையது.

முதல் நன்றி ஆடு மேய்க்கும் அண்ணன்மாருக்கு. சங்குப்பூவும் கொழுஞ்சியும் பச்சையாகப் பறித்தால் விதை சூம்பிவிடும். காய் பழுப்பேறிய பிறகு விட்டுவைத்தாலோ வெயிலில் முறுக்கி வெடித்து, வெறுந்தோல்தான் மிஞ்சும். இடையில் கிடைக்கும் அந்த ஓரிரு நாளைப் பார்த்துச் சொன்னவர்கள் நீங்கள். "ஒரே செடியை மொட்டையடிக்காதீங்க, அடுத்த வருசம் எங்க போவீங்க?" என்று அதட்டியதற்கும் சேர்த்தே நன்றி.

தையல்கடை அக்கா தைத்துத் தந்த காடாத்துணிப் பைகள் பெரிய உதவி. பிளாஸ்டிக் கவரில் ஒரு இரவு கட்டி வைத்தாலே காய் வியர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஆவாரங்காயைப் பிரித்த பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காய் காகிதம் போல மெலிசு. உள்ளே 12 முதல் 20 விதை. விதைத் தோலில் குண்டூசி குத்தியது போல் துளை இருந்தால் வண்டு உள்ளே தின்று முடித்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம். துளை இல்லாத விதைக்குள்ளும் புழு இருக்கலாம். அது பாட்டிலுக்குள் வண்டாகி மற்ற விதையில் முட்டையிடும். அதனால்தான் தண்ணீரில் போட்டு மிதந்ததைக் கழித்து, மூழ்கியதை நிழலில் நன்றாக உலர்த்தி, சலித்த அடுப்புச் சாம்பல் கலந்து வைத்தோம்.

முறம் பிடித்த அம்மாக்கள் இல்லையென்றால் தும்பை தேறியிருக்காது. காய்ந்த கொத்தைக் கவிழ்த்துத் தட்டினால் பொடிப்பொடியாக விதை, அதைவிட அதிகமாகத் தூசி! கூடவே வந்த பார்த்தீனியக் களை விதையைப் பொறுக்கி எடுத்தீர்களே, அது ஒன்று போதும். அதைத் தூவியிருந்தால் கரையே பாழ்.

டீக்கடை அண்ணா, உங்கள் பாய்லரை மறுபடி நம்பியிருக்கிறோம். ஆவாரை விதையின் தோல் கல் மாதிரி, தண்ணீர் இறங்காது. கொதித்த நீரை இறக்கி, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, விதையைப் போல் ஐந்து மடங்கு ஊற்றி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். அடுப்பில் வைத்தே கொதிக்கவிட்டால் முளை வெந்துவிடும். உப்பியதை மட்டும் விதைக்கலாம். உப்பாததற்கு இன்னொரு முறை. ஆனால் பாதி விதைக்குத்தான் இந்த நேர்த்தி. முதல் மழைக்கு எல்லாமே முளைத்து, பின்னால் பத்து நாள் காய்ந்தால் மொத்தமும் போகும். சும்மா தூவியது மண்ணில் காத்திருந்து மெதுவாக வரும். தும்பைக்கு வெந்நீர் கூடவே கூடாது.

கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள் கிழங்கு தந்த மூலனூர் விவசாயிகளுக்கும் நன்றி. விதையிலிருந்து செங்காந்தள் பூக்க ஆண்டுக்கணக்கில் ஆகும், கிழங்கு வேகம். கவட்டை போலப் பிரிந்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது, அது ஒடிந்தால் கிழங்கு வீண். விதையும் கிழங்கும் நஞ்சு என்பதால் பிள்ளைகள் தொட வேண்டாம்.

தூவும் நாளில் ஒரு படி விதைக்கு நாலு படி காய்ந்த மணல் தேவை. தும்பையை மண் போட்டு மூடாதீர்கள். அதுவரை பாட்டில் மூடியை யாரும் ஆசைக்குத் திறந்து பார்க்க வேண்டாம், ஈரக்காற்று புகுந்துவிடும்.

நன்றியுடன்,
விதை சேகரித்தவர்கள்