பழைய பாட்டு பாட வரும் பாப் குரலுக்கு முதலில் அரேஞ்சரைத் தேடுங்கள்: ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க, பிரிட்டிஷ் ஒலிப்பதிவு நிறுவனங்களில் ஆல்பங்களை முடிவு செய்பவர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பெயர்பெற்ற பாப் பாடகர் ஒருவர் தன் வழக்கமான இசையைச் சற்று ஒதுக்கிவைத்து, பழைய காதல் பாட்டுகளையும் பிராட்வே (நியூயார்க்கின் நாடக அரங்குகள்) மேடைப் பாட்டுகளையும் தனி ஆல்பமாகப் பாடுவது புதிதல்ல. அந்த ஆல்பங்களில் பலவற்றைக் கேட்டதுமே அவை எந்த வரிசையில் உருவாயின என்பது தெரிந்துவிடுகிறது. பாட்டுப் பட்டியல் முதலில் வந்திருக்கிறது. பிறகு தயாரிப்பாளர், தாளம், குரல். எல்லாம் பதிந்து முடிந்த பிறகு, மேலே வயலின் பூச ஓர் அரேஞ்சர், அதாவது எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்கும் என்று எழுதுபவர். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

லிண்டா ரான்ஸ்டாட்டின் 'வாட்ஸ் நியூ' ஆல்பத்தை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். ராக்கும் கன்ட்ரியும் பாடிக்கொண்டிருந்தவர் 1983 செப்டம்பரில் வெளியிட்டது. பீட்டர் ஆஷர் தயாரிப்பு, ஜார்ஜ் மாசன்பர்க் ஒலிப்பதிவு, வாத்திய அமைப்பு நெல்சன் ரிடில். ஒன்பதே பாட்டு, ஏறக்குறைய 36 நிமிடம். அமெரிக்க ஆல்பங்களுக்கான பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதிகளுக்குச் சான்று பெற்றது. பழைய பாட்டு விற்கும் என்பதற்கு இது சாட்சியாகக் காட்டப்படுகிறது. ஆனால் 1981-லேயே இதே பாடகி, ஜெர்ரி வெக்ஸ்லரின் தயாரிப்பில் இதே வகைப் பாட்டுகளைப் பதிவு செய்தார். அந்த ஆல்பம் வெளிவராமலே கைவிடப்பட்டது. வெக்ஸ்லர் சாதாரணத் தயாரிப்பாளர் அல்ல. பாடகியும் மாறவில்லை, பாட்டு வகையும் மாறவில்லை. இடையில் வந்து சேர்ந்தவர் ரிடில்.

ரிடிலிடம் முதலில் ஏதோ ஒரு பாட்டுக்குத்தான் கேட்டார்கள். முழு ஆல்பம் என்றால் செய்கிறேன் என்பது அவர் பதில். அதைப் பெரிய மனிதரின் பிடிவாதமாகப் பார்க்காதீர்கள், அது தொழில் அறிவு. ஒரே கை ஒன்பது பாட்டையும் எழுதும்போதுதான், எந்தப் பாட்டில் ஹார்ப் வரவேண்டாம், எங்கே டிராம்போன் தலைகாட்டினால் போதும், எந்த இரண்டு பாட்டு ஒரே சுருதியில் அடுத்தடுத்து வரக்கூடாது என்பதெல்லாம் கணக்கில் வரும். 1970 மார்ச்சில் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் வெளியிட்ட 'சென்டிமென்டல் ஜர்னி' இதற்கு நேர் எதிர். பாட்டுக்கு ஓர் அரேஞ்சர். குயின்சி ஜோன்ஸ், எல்மர் பெர்ன்ஸ்டைன், ஆலிவர் நெல்சன் என்று பட்டியலில் இருப்பவர்கள் மேதைகள்தான். ஆனால் கேட்பவருக்கு ஆல்பம் கிடைக்கவில்லை. ஒரு குரல் வீடு வீடாகப் போய் வந்த உணர்வுதான் மிஞ்சுகிறது.

அரேஞ்சர் முதல் நாளே வேண்டும் என்பதற்கு முக்கியக் காரணம் சுருதி. மேடைப் பாட்டுகளில் பெரும்பகுதி, நடிகரின் உடலில் மைக் இல்லாத காலத்தில், கடைசி வரிசை வரை குரல் எட்டவேண்டும் என்று எழுதப்பட்டவை. பெண்களுக்கான பாட்டுகள் சோப்ரானோ எனப்படும் உயர்ந்த பெண் குரலின் சுருதியில் இருக்கும். மைக்கை நெருங்கி நெஞ்சுக் குரலில் பாடிப் பழகிய பாப் பாடகிக்கு அதை நன்றாக இறக்கியாக வேண்டும். எவ்வளவு என்பதை அச்சிட்ட தாள் சொல்லாது. பியானோ வாசிப்பவரும் பாடகரும் அரேஞ்சரும் மட்டும் உட்கார வேண்டும். ஒரே பாட்டை அரைக் கட்டை இடைவெளியில் மூன்று சுருதிகளில் முழுதாகப் பாடிப் போனில் பதிந்துகொள்ளுங்கள். வேறொரு நாள், வேறொரு நேரத்தில், மறுபடியும். பிறகு மூவரும் கேட்டு முடிவு செய்யலாம்.

இங்கே வழக்கமாக நேரும் தவறு, உச்ச சுரத்தை மட்டும் பார்த்துச் சுருதி குறிப்பது. உச்சம் ஒருமுறை வந்து போகும். பாட்டு அதிக நேரம் தங்கும் சுரங்கள் பாடகரின் பேச்சுக் குரலுக்கு அருகில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. உச்சத்துக்கு அஞ்சி அதிகம் இறக்கினால் தொடக்க வரிகள் முணுமுணுப்பாகிவிடும். ஒலிக் கலவையில் அதைத் தூக்கிக் காட்ட, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரெஸரை அழுத்துவார்கள். மூச்சிரைப்பும் எச்சில் சத்தமும் கூடவே மேலே வரும்.

இன்னொரு தவறு இதைவிடச் செலவு வைக்கும்: நோட்ஸ் எல்லாம் எழுதி முடித்த பிறகு சுருதியை மாற்றுவது. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாள் மாறிவிடும், வாத்தியம் மாறாது. வயலினின் மிகத் தாழ்ந்த சுரம் ஜி. அதற்குக் கீழே அதில் சுரமே இல்லை. வயலினைவிடப் பெரிய வயோலாவுக்கும் செல்லோவுக்கும் எல்லை சி. ஜி-யைத் தொட்டு எழுதிய வயலின் வரியை ஒரு முழுக் கட்டை இறக்கினால் அந்தச் சுரத்தை வாசிக்கவே முடியாது. வயோலாவுக்குக் கொடுத்தால் நிறம் வேறு. தந்தியைத் தொடாமல் விட்டு வாசிக்கும் சுரங்களின் முழக்கமும் போய்விடும். சுருதி முடிவாகும் முன் ஒரு பார் (தாளத்தின் ஒரு சுற்று) கூட எழுதக்கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே போடுங்கள்.

நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பாட்டுகளில் மிகுதியானவை 32 பார். நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் 128 தட்டு. நிமிடத்துக்கு 64 தட்டு என்ற வேகத்தில் ஒருமுறை பாட சரியாக 2 நிமிடம். முன்னால் 16 பார் தொகையறா (பல்லவிக்கு முன் வரும் முகப்பு வரிகள்) இருந்தால் ஏறக்குறைய ஒரு நிமிடம். முடிந்ததும் நடுப்பகுதிக்குத் திரும்பி, கடைசி எட்டு பாரோடு முடித்தால் இன்னொரு நிமிடம். முன்னிசையும் முடிப்பும் சேர்த்து நாலு, நாலரை நிமிடம். இதற்கு மேல் இழுத்தால் சொன்னதையே சொல்லவேண்டி வரும். பல ஆல்பங்களில் தொகையறாவை வெட்டிவிட்டு, 32 பாரையும் இரண்டு முறை முழுதாகப் பாடவைக்கிறீர்கள். அதே நேரம் செலவாகிறது, ஆனால் பாட்டுக்கு வாசல் இல்லாமல் போகிறது.

கெர்ஷ்வின் சகோதரர்களின் 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1926-ல் 'ஓ, கே!' என்ற மேடை நாடகத்துக்கு எழுதியது. கெர்ட்ரூட் லாரன்ஸ் மேடையில் தனியாக நின்று ஒரு துணிப் பொம்மையைப் பார்த்துப் பாடினார். ஜார்ஜ் கெர்ஷ்வின் முதலில் அதை வேகமான நடன மெட்டாகத்தான் போட்டிருந்தார், பிறகுதான் மெதுவானது. ரான்ஸ்டாட் தொகையறாவோடு பாடுகிறார். அதனால்தான் பல்லவி வரும்போது அந்தப் பெண் ஏன் ஏங்குகிறாள் என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பொம்மையிடம் பாடிய பாட்டு இது. கடைசியில் சுருதியை ஏற்றி, பித்தளை வாத்தியங்களை முழங்கவிட்டு முடித்தால் பாட்டின் சூழலே சிதைகிறது. ஒவ்வொரு மேடைப் பாட்டையும் யார், யாரிடம், எந்தக் கட்டத்தில் பாடினார் என்பதைப் பாடகருக்குச் சொல்லிவிட்டுப் பதியுங்கள்.

'சென்ட் இன் த கிளவுன்ஸ்' இன்னும் தெளிவான உதாரணம். ஸ்டீவன் சான்ட்ஹைம் 1973-ல் 'எ லிட்டில் நைட் மியூசிக்'குக்காக எழுதியபோது, நீண்ட சுரத்தைப் பிடித்து நிற்க முடியாத கிளினிஸ் ஜான்ஸின் குரலுக்கேற்ப வரிகளைச் சின்னச் சின்னக் கேள்விகளாக அமைத்தார். பாப் பாடகர்கள் ஒவ்வொரு கேள்வியின் முடிவையும் இழுத்து நீட்டி அழகு காட்டுகிறார்கள். கேள்வி கேள்வியாக இல்லாமல் போகிறது. வரியை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பார்பரா ஸ்ட்ரைசண்ட் காட்டிய வழி இருக்கிறது: 1985-ல் 'தி பிராட்வே ஆல்பம்' செய்தபோது சான்ட்ஹைமையே கேட்டு எழுதி வாங்கினார். அமெரிக்கச் சட்டத்தின் கட்டாய உரிமம் (உரிமையாளரின் தனி அனுமதி இல்லாமலே, தொகை கட்டிப் பாட்டை மறுபடி பதியும் வழி) உங்கள் பாணிக்கேற்ப வாத்தியம் அமைக்க இடம் தருகிறது. மெட்டின் அடிப்படையையும் பாட்டின் இயல்பையும் மாற்ற இடம் தரவில்லை. 'அவன்' என்பதை 'அவள்' என்று மாற்றுகிறவர்கள் பல நேரம் அடுத்த வரியின் எதுகையைக் கவனிப்பதில்லை.

இனி பதிவு. பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில். இதைத்தான் நாங்கள் மிகவும் வற்புறுத்துகிறோம். தொகையறாவுக்குக் கறாரான தாளம் இல்லை. வாத்தியக் குழுவை நடத்துபவர் பாடகரின் வாயைப் பார்த்துக் கையை இறக்க வேண்டும். தாளம் காட்ட ஹெட்போனில் ஒலிக்கும் கிளிக் சத்தத்துக்கு வாசித்த வயலின்மேல் பிறகு வந்து பாடும் குரல், மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல், தாளம் விட்ட இடத்தில் எடுக்கிறது. கண்ணாடி வைத்த அறையில் பாடகரை நிறுத்தினாலும் நடத்துபவரின் முகம் தெரிய வேண்டும். ஹெட்போன் ஒரு காதில் போதும். பாப் டிலன் 2015-ல் வெளியிட்ட 'ஷேடோஸ் இன் த நைட்' கேபிடல் ஸ்டூடியோவில் ஐந்து பேர் குழுவோடு ஹெட்போனே இல்லாமல் பதிவானது. பாப் பாடகர் ஹாரி நில்சன் 1973-ல் அரேஞ்சர் கோர்டன் ஜென்கின்ஸின் குழுவுக்கு முன் நின்றே பாடினார். வாத்திய ஒலி பாடகரின் மைக்கில் கசியும், பிறகு திருத்த முடியாது என்று பொறியாளர்கள் அஞ்சுவது உண்மைதான். திருத்த முடியாது என்பதே இங்கே நன்மை. சுரத்துக்குச் சற்றுக் கீழே தொட்டு வழுக்கி ஏறுவதுதான் இந்தப் பாட்டுகளின் உயிர். திருத்தும் மென்பொருள் முதலில் அழிப்பது அதைத்தான்.

செலவு அதிகம் என்பீர்கள். கணக்குப் போடுவோம். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் வழக்கமான அமர்வு மூன்று மணி நேரம். அதில் 15 நிமிட இசை வரை பதியலாம். நாலு நிமிடப் பாட்டு மூன்று. ஒன்பது பாட்டுக்கு மூன்று அமர்வு. பல மாதம் துண்டு துண்டாக ட்ராக் ஏற்றுவதைவிட இது மோசமான கணக்கல்ல. ஆனால் நோட்ஸ் சுத்தமாக இருக்க வேண்டும். வயோலா தாளில் ஒரு தவறான ஷார்ப் குறி இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வரை மொத்தக் குழுவும் கூலியோடு காத்திருக்கும். எழுதியவர் அல்லாத இன்னொருவர் எல்லாத் தாளையும் சரிபார்க்கட்டும்.

தந்தி வாத்தியக் குழு இப்படி இருக்கட்டும்: வயலின் 12, வயோலா 4, செல்லோ 4, டபுள் பாஸ் ஒன்றோ இரண்டோ. அவ்வளவுக்குப் பணம் இல்லையென்றால் நான்கு வயலினை மூன்று முறை அடுக்கிப் பன்னிரண்டாகக் காட்டாதீர்கள். அதே கைகள், அதே வாத்தியம், அதே அதிர்வு. ஆர்கன் போலத் தட்டையாக ஒலிக்கும். ஒரே வரியை இரண்டு வயலின் மட்டும் வாசிப்பது அதைவிட மோசம், சுருதி விலகல் பச்சையாகத் தெரியும். சின்னக் குழு என்றால் சின்னக் குழுவாகவே இருங்கள். கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் 'ஸ்டார்டஸ்ட்' 1977 டிசம்பரில் ஒரு வீட்டில் பதிவானது. தயாரிப்பும் அமைப்பும் புக்கர் டி. ஜோன்ஸ். கொலம்பியா நிறுவனத்துக்கே அதில் நம்பிக்கை இல்லை. 1978-ல் வந்தது, கன்ட்ரி பட்டியலில் பத்து ஆண்டு நின்றது. அங்கேயும் ஆல்பம் முழுதும் ஒரே அரேஞ்சரின் கை என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாகப் பெயர். நாட் கிங் கோல் 1950-ல் பாடிய 'மோனா லிசா'வுக்கு வாத்தியம் எழுதியவர் நெல்சன் ரிடில். இசைத்தட்டில் அச்சானது லெஸ் பாக்ஸ்டரின் பெயர். எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் நிலைமை திருந்தவில்லை. இன்று போனில் பாட்டைக் கேட்பவருக்குப் பாடகர் தெரிகிறார், தேடினால் இயற்றியவர் கிடைக்கிறார், அரேஞ்சர் பல நேரம் எங்கும் இல்லை. அரேஞ்சருக்குப் பெரும்பாலும் ஒருமுறைக் கூலிதான், பாட்டு எத்தனை ஆண்டு ஓடினாலும் பங்கு கிடையாது. அமெரிக்காவில் 1926-ல் வெளியான பாட்டுகள் 2022 ஜனவரி முதல் பொதுவுடைமை. அவற்றுக்கு நீங்கள் இனிப் பாட்டு உரிமைத் தொகை கட்டவேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அரேஞ்சருக்குப் பங்காக ஒதுக்குங்கள்.

ஒலியோடைச் சேவைகளுக்கு நீங்கள் அனுப்பும் விவரத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஆறு செய்திகள் இருக்கட்டும்: மெட்டு, வரிகள், நாடகத்தின் பெயர், ஆண்டு, வாத்திய அமைப்பு, நடத்தியவர். மறுவெளியீடுகளிலும் இதைச் செய்யுங்கள். பழைய அமர்வுப் பதிவேடுகள் இருக்கும் நிறுவனங்கள் அவற்றைப் பார்த்துத் தவறிய பெயர்களைச் சேர்க்கலாம். 'மோனா லிசா'விலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
இந்தப் பாட்டுகளை அட்டையின் பின்புறத்தையும் படித்துக் கேட்பவர்கள்