ஒன்றியத் தலைமையாசிரியர் கழகம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

சந்தா வசூல், பணிநிறைவுப் பாராட்டு, இரங்கல் கூட்டம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. விவரம் மினிட் புத்தகத்தில் உள்ளது. உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: பதவி உயர்வில் புதிதாக வந்த தலைமையாசிரியர்களுக்கு, மாற்றுத்திறன் பிள்ளைகளையும் அரவணைத்துப் பள்ளி நடத்துவது பற்றி மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பு.

பணிமூப்பில் நாற்காலி கிடைத்துவிடுகிறது. சம்பளப் பட்டியலையும் எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளப் பதிவையும் பக்கத்துப் பள்ளி ஹெச்.எம்.மைக் கேட்டு ஒப்பேற்றிவிடலாம். மாற்றுத்திறன் பிள்ளைகளை அரவணைப்பதை யாரிடம் கேட்பது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. நான் பொறுப்பேற்றபோது எனக்குத் தெரிந்தது கண், காது, கை கால்தான். கற்றல் குறைபாடும் அந்தப் பட்டியலில் உண்டு. 'மக்கு' என்று நாம் ஓரங்கட்டிய பிள்ளைகளை நினைத்தால் கூசுகிறது.

முதல் வகுப்பில் டேப்பும் கையுமாக ஒரு பள்ளியைச் சுற்றினோம். வாசல்படி ஒன்றரை அடி உயரம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும், இருந்தது ஆறடி. சக்கர நாற்காலியில் நம் பொருளாளரை உட்கார வைத்து இருவர் தள்ளியும் பாதியில் நின்றுவிட்டது. (இறக்கும்போது அவர் போட்ட சத்தம் மினிட்டில் ஏறவில்லை.) அது என் பள்ளிதான்.

இன்னொரு பள்ளியில் உயரவாரியாக உட்கார வைத்ததால், காதொலிக் கருவி அணிந்த ஏழாம் வகுப்புப் பெண் கடைசி பெஞ்சில் இருந்தாள். மறுநாளே முன்பெஞ்சுக்கு மாற்றினார்கள். ஆனால் கருவி மாட்டிய காது சுவர்ப்பக்கம்! வட்டார வள மையத்திலிருந்து, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் வந்து சொன்ன பிறகே பக்கம் மாறியது. இதற்கு அரசாணையோ நிதியோ தேவைப்படவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். இருந்தும், கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறோம். ஒரு கூட்டத்தில் ஒரு தாயிடம் தனியாகக் கேட்டபோதுதான், கழிப்பறைக்குப் போக முடியாது என்று அவர் மகன் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்பது தெரிந்தது.

பொதுத்தேர்வு நேரத்தில் இரண்டு வகுப்புகள் நடக்கவில்லை. வந்தவர்களே திரும்ப வந்தார்கள் என்பதும் உண்மை.

பொறுப்பேற்கும் முன்பே இந்தப் பயிற்சியைத் துறை தர வேண்டும் என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்