சோற்றுக்கு அளவில்லை, காய்க்கு மட்டும் ஏன் அளவு?

காரைக்குடி, தேவகோட்டை மெஸ் உரிமையாளர்களுக்கும் சமையல் மேஸ்திரிகளுக்கும்,

வணக்கம். சென்ற மாதம் என் அண்ணனைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு, மதியம் உங்களில் ஒருவருடைய மெஸ்ஸுக்குப் போனோம். அண்ணனுக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இலையில் சோறு குன்றாகக் குவிந்தது. ஓரத்தில் பீன்ஸ் பொரியல் ஒரு கரண்டி, அதுவும் குழந்தைக்கு மருந்து ஊற்றும் அளவுக்கு.

"தம்பி, சோற்றில் பாதியை எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி பொரியல் வையுங்கள்" என்றார் அண்ணன்.

பரிமாறிய பையன் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "பொரியல் ஒரு தடவைதான் ஐயா. சோறு எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்."

பையன் மேல் குற்றமில்லை. உங்கள் கணக்கும் புரிகிறது. அரிசி மூட்டையில் கிடக்கும், கெடாது. காயை நறுக்க ஆள் வேண்டும், மிஞ்சினால் நட்டம். ஆனால் உண்கிறவர் உடம்புக்கு வேறு கணக்கு இருக்கிறதே! ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்குக் காயும் கீரையுமாக 400 கிராம் வேண்டும். அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்தே 250 கிராம்தான். உங்கள் இலையில் இது தலைகீழாக இருக்கிறது. தீட்டிய அரிசி வயிற்றில் விரைவாகச் சர்க்கரையாகிவிடும். கூடவே போகும் காயின் நாரும் பருப்பும்தான் அந்த வேகத்தைத் தணிக்கின்றன.

"செட்டிநாட்டுச் சாப்பாடு என்றாலே இப்படித்தான் ஆச்சி" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். கோலா உருண்டையும் எண்ணெய் மிதக்கும் குழம்பும் விசேஷ வீட்டுச் சாப்பாடு. மற்ற நாள்களில் எங்கள் வளவு வீட்டில் அப்பத்தா வைத்தது மண்டி என்னும் காய்க் குழம்பு. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைப் பித்தளைச் சட்டியில் ஊற்றி வைத்திருப்பார். கத்திரிக்காய் அல்லது வெண்டைக்காய், கைநிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய் எல்லாவற்றையும் கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, புளியையும் அந்தத் தண்ணீரையும் ஊற்றிக் கொதிக்க விடுவார். தண்ணீரில் இருக்கும் மாவே குழம்பைக் கெட்டியாக்கிவிடும். தேங்காய் அரைக்க வேண்டாம், எண்ணெயும் மிதக்காது. சட்டியில் முக்கால் பங்கு காய்தான்.

பழையது எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அப்பத்தாவின் மணத்தக்காளி வற்றலில் உப்பு கரிக்கும். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. விசேஷத்துக்கு இனிப்பாகச் செய்யும் கவுனி அரிசியைப் பற்றியும் ஒரு சொல். கறுப்பாக இருப்பதால் சர்க்கரை ஏறாது என்று இப்போது ஆளாளுக்கு விற்கிறார்கள். அதில் நாம் கொட்டும் சீனியும் நெய்யும் தேங்காய்ப்பூவும் எங்கே போகும்? அது இனிப்பு, அவ்வளவுதான். விசேஷத்தன்று ஒரு கரண்டி உண்போம்.

பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு 2018 முதலே சட்டத்தில் வரம்பு இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. சோற்றுக்குப் பதிலாகக் காய் கேட்பவருக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் முகம் சுளிக்காமல் வையுங்கள். நட்டம் வருமென்றால் பத்து ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள், அண்ணன் மறுக்காமல் கொடுப்பார். வாரத்தில் ஒரு நாளாவது பலகையில் மண்டி என்று எழுதிப் பாருங்கள். அதற்கு வேண்டிய தண்ணீர் ஏற்கெனவே உங்கள் அடுப்படியில்தான் இருக்கிறது. காலையில் மூட்டை அரிசியைக் களைந்து அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுகிறீர்களே, அதில் இரண்டாம் தண்ணீரை மட்டும் ஓர் அண்டாவில் பிடித்து வையுங்கள்.

இப்படிக்கு,
பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி