அந்த எட்டு ஆட்டங்களைத் தனியே விடுங்கள்: கால்பந்துப் பதிவேடு தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். தேசிய அணிகளின் ஆட்ட முடிவுகளைத் தொகுத்து இணையத்திலும் ஆண்டு மலர்களிலும் வெளியிடும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். தனித்தனியாகத் திருத்தம் அனுப்பி அலுத்துவிட்டது. ஒருவர் திருத்தினாலும், அதற்கு முன்பே அவரிடமிருந்து நகலெடுத்தவரிடம் பிழை அப்படியே இருக்கிறது. கொஞ்ச நாளில் அது திருத்தியவரிடமே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ரஷ்யப் பேரரசு அணி 1912 முதல் 1914 வரை ஆடிய எட்டு ஆட்டங்களைப் பற்றி, அண்மையில் சுற்றுக்கு வந்த பட்டியல் ஒன்றுதான் எங்களை எழுத வைத்தது. ரஷ்யாவின் முதல் சர்வதேச ஆட்டம் 1912 ஜூன் 29, மாஸ்கோ, ஹங்கேரியிடம் 0–9 தோல்வி என்று அது தொடங்குகிறது. அடுத்த வரி ஜூன் 30, ஸ்டாக்ஹோம், ஃபின்லாந்து. பிறகு ஜூலை 1 என்ற ஒரே தேதியில் இரண்டு ஆட்டங்கள்: ஸ்டாக்ஹோமில் ஜெர்மனியிடம் 0–16, மாஸ்கோவில் ஹங்கேரியிடம் 0–12. கப்பலும் ரயிலுமாகப் பயணம் செய்த காலத்தில் ஓர் அணி இரண்டு நாட்டில் ஒரே நாளில் எப்படி ஆடியிருக்கும் என்று வெளியிடும் முன் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். 1918 தொடக்கம் வரை ரஷ்யாவில் ஜூலியன் நாட்காட்டி புழங்கியது. இருபதாம் நூற்றாண்டில் அது (பழைய கணக்கு) இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியனுக்கு (புதிய கணக்கு) 13 நாள் பின்தங்கி இருந்தது. ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் ஆட்டங்களின் தேதியை ஸ்வீடன் பதிவுகளிலிருந்தும், மாஸ்கோ ஆட்டங்களின் தேதியை ரஷ்யச் செய்தித்தாள்களிலிருந்தும் எடுத்து, எந்த நாட்காட்டி என்ற குறிப்பு இல்லாமல் ஒரே பத்தியில் கொட்டினால் வரிசை குலையத்தான் செய்யும். ஹங்கேரியுடனான ஆட்டங்கள் நடந்தது ஜூலை 12, 14 ஆகிய நாள்களில். பழைய கணக்கில் அவை ஜூன் 29, ஜூலை 1. அதனால் மூன்றாவது ஆட்டம் முதல் ஆட்டமாகிவிட்டது. 1914லும் இதே கதைதான். ஸ்வீடனுடன் ஜூலை 5 என்பதைப் புதிய கணக்கிலும், நார்வேயுடன் ஜூலை 12 என்பதைப் பழைய கணக்கில் ஜூன் 29 என்றும் எழுதினால், கடைசி ஆட்டம் கடைசிக்கு முந்தையதாகிவிடும்.

இன்னும் மோசமானது இரட்டிப்பு. உங்களில் பலருடைய மென்பொருள் தேதியையும் இரு அணிகளின் பெயரையும் சேர்த்துத்தான் ஓர் ஆட்டத்தை அடையாளம் காண்கிறது. தேதி இரண்டு விதமாக வந்தால் ஆட்டமும் இரண்டாகிறது. ஹங்கேரி ஆட்டங்கள் மட்டும் இப்படி இரட்டித்தால் போதும், எட்டு ஆட்டம் பத்தாகும். வாங்கிய கோல்கள் 47லிருந்து 68 ஆகும். ஏற்கெனவே மாற்றிய தேதிக்கு இன்னொரு முறை 13 சேர்த்து ஜூலை 14ஐ ஜூலை 27 ஆக்குவோரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கணக்கான 12ஐச் சேர்ப்போரும் உண்டு.

சரிபார்க்க வழி எளிது. ரஷ்ய மூலத்தில் உள்ள தேதியை உள்ளது உள்ளபடி ஒரு பத்தியில் வையுங்கள். பக்கத்தில் 13 நாள் கூட்டிய தேதி. மூன்றாவது பத்தியில் கிழமை. 1912 ஜூன் 30, ஜூலை 14, 1913 மே 4, செப்டம்பர் 14, 1914 ஜூலை 5, 12 ஆகிய ஆறும் ஞாயிற்றுக்கிழமைகள். 1912 ஜூலை 1 திங்கள்; அது ஒலிம்பிக் அட்டவணைப்படி வந்தது. ஜூலை 12 வெள்ளி. பழைய கணக்கில் அது ஜூன் 29, புனிதர்கள் பேதுரு, பவுல் திருநாள். 13க்குப் பதில் 12 கூட்டியிருந்தால் மாஸ்கோவின் ஞாயிறு ஆட்டங்கள் சனிக்கிழமைக்குப் போய்விடும். பிழை உடனே தெரிந்துவிடும். ஒரு மணி நேர வேலைகூட இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே. 1912 முதல் 1914 வரை ரஷ்யப் பேரரசு அணி ஆடிய எட்டு ஆட்டங்களை எட்டாகவே, தனித் தலைப்பின் கீழ், இரு தேதிகளோடும் வெளியிடுங்கள். சோவியத் அணியின் 1924 நவம்பர் 16 ஆட்டத்தோடும், இன்றைய ரஷ்யாவின் 1992 ஆகஸ்ட் 16 ஆட்டத்தோடும் ஒட்டி ஒரே நீளப் பட்டியலாக ஆக்காதீர்கள். இந்த மூன்று அணிகளில் யாருக்கு யார் வாரிசு என்ற கேள்விக்கு ஓர் அடிக்குறிப்பு போதும்.

தனியாக வைப்பதால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். எட்டையும் வரிசையாகப் பாருங்கள். ஃபின்லாந்திடம் 1–2, ஜெர்மனியிடம் 0–16, ஹங்கேரியிடம் 0–9, 0–12. மறு ஆண்டு மாஸ்கோவில் ஸ்வீடனிடம் 1–4, நார்வேயுடன் 1–1. 1914இல் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனுடன் 2–2, கிறிஸ்டியானியாவில் நார்வேயுடன் 1–1. முதல் நான்கில் அடித்தது 1, வாங்கியது 39. பின் நான்கில் அடித்தது 5, வாங்கியது 8. இரண்டே ஆண்டில் ஓர் அணி எழுந்து நின்றிருக்கிறது. அதுவும் கடைசி இரண்டு சமனும் வெளிமண்ணில். கடைசி ஆட்டம் முடிந்த இருபதாம் நாள் ஜெர்மனி ரஷ்யா மீது போர் அறிவித்தது. அந்த அணி மீண்டும் ஆடவே இல்லை. ஒரு வெற்றிகூட இல்லாமல் முடிந்ததுதான். ஆனால் நூறாண்டுச் சராசரிக்குள் போட்டு அரைத்த பிறகு அந்த வளர்ச்சியைக் கண்டுபிடிக்கவே முடியாது. மிஞ்சுவது 16 என்ற ஓர் எண் மட்டும்.

அந்த 16க்கும் சூழல் வேண்டும். அனைத்து ரஷ்யக் கால்பந்துச் சங்கம் உருவானது 1912 ஜனவரி 19 அன்று. பழைய கணக்கில் ஜனவரி 6. ஆறு மாதம்கூட ஆகாத சங்கத்தின் அணி ஸ்டாக்ஹோம் போயிற்று. ஃபின்லாந்திடம் தோற்ற மறுநாளே, தோற்ற அணிகளுக்கான ஆறுதல் தொடரில் ஜெர்மனியைச் சந்தித்தது. ஜெர்மனிக்கு இடையில் ஒரு நாள் ஓய்வு. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி அன்று கிடையாது. இவற்றால் தோல்வி சிறிதாகிவிடாது. ஃபின்லாந்தும் முந்தைய நாள் இத்தாலியுடன் கூடுதல் நேரம் வரை ஆடிவிட்டுத்தான் ரஷ்யாவை வென்றது. ஆனால் "ஆறுதல் தொடர்" என்ற இரண்டு சொல்லைக்கூடச் சேர்க்காமல் "ஒலிம்பிக் காலிறுதி" என்று ஜெர்மனி ஆட்டத்தின் மேல் எழுதுவது தவறு. காலிறுதி என்பது ஃபின்லாந்து ஆட்டம். ஃபின்லாந்து அப்போது அதே பேரரசுக்குள் இருந்த பெரும் கோமகன்நாடு (கிராண்ட் டச்சி) என்பதையும் அந்த வரியில் குறிக்க வேண்டும்.

எட்டு என்று நாங்கள் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம், சிலர் 1910, 1911 ஆட்டங்களையும் உள்ளே சேர்ப்பது. பிராக் நகரக் கொரிந்தியன்ஸ் அணியைப் பீட்டர்ஸ்பர்க்கில் 5–4 என வென்றது உண்மை. மறு ஆண்டு ஆங்கிலேய அமெச்சூர் அணியிடம் 0–14, 0–7, 0–11 எனத் தோற்றதும் உண்மை. ஆனால் தேசியச் சங்கமே பிறக்காத நாளில் நடந்தவை அவை. முதலாவதைச் சேர்த்தால் இல்லாத வெற்றி ஒன்று முளைக்கும். மற்ற மூன்றைச் சேர்த்தால் வாங்கிய கோல்கள் 79 ஆகும். "அதிகாரபூர்வமற்றவை" என்று கீழே தனியாகப் போடுங்கள். யாரும் ஆட்சேபிக்க மாட்டோம்.

பெயர்களிலும் இதே அவசரம். ஃபின்லாந்துக்கு எதிராக ரஷ்ய அணியின் முதல் கோலை அடித்தவர் வசீலி புதூசவ். 1924இல் துருக்கிக்கு எதிராகச் சோவியத் அணியின் முதல் கோலை அடித்தவர் அவர் தம்பி மிகைல் புதூசவ். தலைப்பெழுத்தை வெட்டிவிட்டு இரண்டு அணிகளையும் ஒட்டியதன் விளைவு, பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு அணிக்கும் முதல் கோல் அடித்த ஒரே "புதூசவ்" பிறந்துவிட்டார். அண்ணன் தம்பி இருவரில் ஒருவரைப் பதிவிலிருந்தே அழித்துவிட்டீர்கள்.

பெயர் அழிவதைச் சின்ன விஷயமாக எங்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ரஷ்யாவுக்கு எதிரான அந்த 0–16 ஆட்டத்தில் ஜெர்மனிக்காகப் பத்து கோல் அடித்த காட்ஃப்ரீட் ஃபுக்ஸ் ஒரு யூதர். நாஜி ஆட்சியில் ஜெர்மனியைவிட்டு ஓட வேண்டி வந்தது, கனடாவில் இறந்தார். அவர் பெயரை மறைத்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை, கவனக்குறைவால்தான் செய்கிறீர்கள் என்பதை அறிவோம். ஆனால் ஆட்டக்காரருக்கு நேர்வது ஒன்றுதான். விளம்பரத்துக்கு இடம் ஒதுக்க முடிகிற பக்கத்தில், ஒரு பெயருக்கு முன் ஓர் எழுத்துக்கு இடமில்லை என்பதை எப்படி ஏற்பது?

சற்றுக் கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பால்தான் இந்த முடிவுகள் எங்களைப் போன்றவர்கள் கைக்கு வருகின்றன. அதனால்தான் உங்களிடமே கேட்கிறோம். எட்டு ஆட்டங்களுக்கு ஒரு தனித் தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பழைய தேதி, புதிய தேதி, கிழமை. கிறிஸ்டியானியாவை அப்பெயரிலேயே எழுதி, பக்கத்தில் இன்றைய ஓஸ்லோ. ஆட்டக்காரர் பெயரோடு தலைப்பெழுத்து. முதலில் 1912 ஜூலை 12, 14 ஆகிய இரண்டு வரிகளைத் திருத்திவிட்டு, உங்களிடமிருந்து நகலெடுப்போருக்கும் ஒரு வரி தெரிவித்துவிடுங்கள். மற்றவற்றை அடுத்த பதிப்புக்குள் முடித்தால் போதும்.

இப்படிக்கு,
பழைய கால்பந்துப் பதிவுகளைச் சரிபார்த்து வரும் வாசகர்கள்