அண்ணனின் மருத்துவக் காப்பீடு குறித்து நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணன் நலமாக வீடு திரும்பிவிட்டார், பிறர் துணையின்றித் திண்ணை வரை வந்து அமர்கிறார் என்று படித்ததும் பெரும் ஆறுதல் அடைந்தேன். ஆனால் நெஞ்சுவலிக்காக அவரைச் சேர்த்த மருத்துவமனை காப்பீட்டுப் பட்டியலில் இல்லை என்று சொல்லி முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்டச் செய்ததையும், மதினி நகையை அடகு வைத்ததையும் எழுதியிருந்தீர்கள். காப்பீட்டுக்கென மாதந்தோறும் ஓய்வூதியத்தில் தவறாமல் பிடித்தம் செய்யப்பட்டு வரும் ஒருவருக்கு இந்த நிலை வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. "இனி யாரிடம் போய்க் கேட்பது" என்ற உங்கள் கேள்விக்கு, எங்கள் ஊர் ஓய்வூதியர் சங்கத்தில் இந்த விவகாரங்களைப் பார்த்து வருகிற அனுபவத்தைக் கொண்டு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2014 ஜூலையில் தொடங்கியபோது மாதப் பிடித்தம் 150 ரூபாய். காப்பீட்டு வரம்பு 2 லட்சம். 2018இல் அது 350 ரூபாயாகவும் 4 லட்சமாகவும் உயர்ந்தது. 2022 ஜூலையில் தொடங்கிய கட்டத்தில் மாதப் பிடித்தம் 497 ரூபாய். வரம்பு 5 லட்சம், அரசாணையில் குறிப்பிட்ட சில கடும் நோய்களுக்கு 10 லட்சம். இந்த 5 லட்சம் ஆண்டுக்கு ஆண்டு கிடைப்பது என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் அது 2026 ஜூன் வரையிலான நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து, ஓய்வூதியருக்கும் துணைவருக்கும் உரிய தொகை. அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு ஓய்வூதியரிடமிருந்து பிடிக்கப்படும் தொகை 23,856 ரூபாய். ஆகவே அண்ணன் கேட்கப்போவது தம் பணத்தைக் கட்டிப் பெற்ற உரிமையைத்தான். விண்ணப்பம் எழுதும்போது கெஞ்சும் தொனி அதில் வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றாலே கதவு அடைபட்டுவிட்டது என்று மருத்துவமனைக் கவுண்டரிலும், சில சமயம் அலுவலகங்களிலும்கூடச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியன்று. அவசர நிலையில் அத்தகைய மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களின் செலவைத் திரும்பத் தருவது குறித்து ஆராய்வதற்கென்றே மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. ஓய்வூதியம் பெறும் கருவூலத்தின் வழியாக விண்ணப்பம் அந்தக் குழுவுக்குப் போக வேண்டும். இதைவிட முக்கியமானது, உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் சிவகாந்த் ஜா என்ற ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரியின் வழக்கில் அளித்த தீர்ப்பு. மருத்துவமனையின் பெயர் அரசு ஆணையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கையை மறுக்கக் கூடாது, உண்மையில் சிகிச்சை பெற்றாரா, அதற்கு மருத்துவரும் மருத்துவமனையும் அளித்த சான்று இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும் என்று அது தெளிவாகக் கூறியது. சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் நம் மாநில ஓய்வூதியர்களின் வழக்குகளில் இதே நோக்கில் பலமுறை உத்தரவிட்டிருக்கின்றன. விண்ணப்பத்தில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுவது நல்லது. படித்துப் பார்க்கும் அலுவலர் அவ்வளவு எளிதில் "ஏற்பதற்கில்லை" என்று எழுதிவிட மாட்டார்.

இங்கே ஓர் அம்மாவின் விவகாரத்தைச் சொல்ல வேண்டும். கணவர் ஒன்றிய அலுவலகத்தில் இரவுக் காவலராக இருந்து காலமானவர். அம்மா குடும்ப ஓய்வூதியம் பெறுகிறார். இடுப்பெலும்பு முறிந்து, பட்டியலில் உள்ள ஒரு மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து சங்கத்தின் மேசையில் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகள், எக்ஸ்ரே, ஓய்வூதியப் புத்தகம், அவற்றுக்கிடையே முன்பணம் வாங்கியதற்கு அடையாளமாக நான்காக மடித்த ஒரு துண்டுச் சீட்டு. அதில் தொகை இருந்தது, தேதி இருந்தது. மருத்துவமனையின் பெயரோ முத்திரையோ இல்லை. "காப்பீட்டில் இவ்வளவுதான் வந்தது, மீதியை நீங்கள் கட்டிவிடுங்கள்" என்று சொல்லியே அந்தப் பணத்தை வாங்கியிருக்கிறார்கள். எவ்வளவு அனுமதியானது என்பதை அவருக்கு யாரும் காட்டவில்லை. அந்தச் சீட்டைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பதால், வகைவாரியாகப் பிரித்து முத்திரையிட்ட ரசீது கேட்டு மருத்துவமனைக்கும், அனுமதிக் கடிதத்தின் நகல் கேட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதினோம். நகல் வந்தது. அனுமதித்த தொகையையும் வாங்கிய தொகையையும் அருகருகே எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஓய்வூதியர் குறைதீர் கூட்டத்தில் அந்த அம்மாவையே மனுவைக் கொடுக்கச் செய்தோம். முழுவதும் கிடைக்கவில்லை, பெரும்பகுதி கிடைத்தது. எஞ்சியதற்கும் எழுத்துப்பூர்வமாகக் காரணம் சொல்லும்படி கேட்டிருக்கிறோம்.

முதியவர்களுக்கு இதில் பெரிய தடை அறியாமை என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அம்மாவுக்குத் தமக்குச் சேர வேண்டியது எது என்று நன்றாகவே தெரிந்திருந்தது. நோயில் கிடந்து எழுந்த உடம்போடு, ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நடந்து, வாய்மொழியாக மறுப்பவரிடம் "அதை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கும் வலிமைதான் அவரிடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தாள்களை அடுக்கி, அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தால் விவகாரத்தின் போக்கே மாறிவிடுகிறது. அண்ணனுக்கு அந்த ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், தொலைபேசியில் இதைச் செய்ய இயலாது.

முதலில், வீடு திரும்பும்போது மருத்துவமனை தந்த சிகிச்சைச் சுருக்கத்தை (டிஸ்சார்ஜ் சம்மரி) எடுத்துப் பாருங்கள். நெஞ்சுவலியோடு அவசர நிலையில் சேர்க்கப்பட்டார் என்பதும் சேர்த்த நேரமும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் அவசரச் சான்றிதழ் ஒன்றைத் தனியே கையொப்பமும் முத்திரையுமாக வாங்கிவிடுங்கள். காலம் கடந்தால் அது கிடைப்பது கடினம். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயைப் பொருத்தியதற்கான ஒட்டுச்சீட்டு, மருந்துக் கடை ரசீதுகள், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றின் மூலங்களையும் கொடுப்பதற்கு முன் நகல் எடுத்து, விண்ணப்ப நகலில் தேதியோடு பெற்றதற்கான ஒப்பம் வாங்குங்கள். பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மனு எந்த நிலையில் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். உறங்கும் கோப்பு பெரும்பாலும் அந்தக் கேள்விக்கே நகரத் தொடங்கும்.

புதுச்சேரியில் மகளோடு இருக்கும் உங்கள் அக்காவுக்கு ஓய்வூதியம் எதுவும் இல்லை என்பதால் அவருடைய வழி வேறு. 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு, 70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வரம்பு பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரையிலான சிகிச்சையை ஆயுஷ்மான் பாரத் என்ற தன் இலவச மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்தது. அதற்கென வய வந்தனா அட்டை தருகிறார்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தும். புறநோயாளிச் செலவு இதில் வராது. வயதுக்கு ஆதாரே சான்று என்பதால், அக்காவின் ஆதாரில் பிறந்த ஆண்டு சரியாக இருக்கிறதா, கைபேசி எண் இணைந்திருக்கிறதா என்று மகளை முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள். வாழ்நாளெல்லாம் பாத்திரம் தேய்த்த கைகளில் ரேகை பதிவதில்லை. அதனால் கைபேசிக்கு வரும் கடவுஎண் வழியாகவோ முகப் பதிவு வழியாகவோ சரிபார்க்கும்படி கேட்க வேண்டும். விவரங்களுக்கு 14555 என்ற எண்ணை அழைக்கலாம். நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே அட்டையை வாங்கி வைத்திருப்பது நலம்.

அண்ணனின் தாள்கள் அனைத்தின் நகலையும், அவர் ஓய்வூதியம் பெறும் கருவூலத்தின் பெயரையும் இந்த வாரமே எனக்குத் தபாலில் அனுப்பி வையுங்கள். விண்ணப்பத்தை நானே வரைந்து அனுப்புகிறேன். அண்ணன் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டால் போதும். குறைதீர் கூட்டம் என்றைக்கு என்பதை உங்கள் மாவட்டக் கருவூலத்தில் விசாரித்து எழுதுங்கள், நானும் உடன் வருகிறேன். மதினிக்கு என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்