எதிரே நின்றவரைப் பார்: பிரெட் ஹார்ட் பற்றி மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

"ஐந்து பிடிகளுக்கு மேல் தெரியாதவர், மைக்கைக் கொடுத்தால் பேசத் தெரியாதவர், அவரை ஏன் மாமா இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்?" என்று கனடாவைச் சேர்ந்த ரெஸ்லிங் மல்லர் பிரெட் ஹார்ட்டைப் பற்றிக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் நீ கேட்டிருந்தாய். அங்கேயே பதில் எழுதினால் அக்காள் போடும் சமையல் படங்களுக்கு நடுவில் அது காணாமல் போய்விடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். நீ வார இறுதிகளில் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்தேறிப் போய் இந்தக் கலையையே கற்றுக்கொண்டிருப்பதால், இதை வெறும் ரசிகர் சண்டையாக விட்டுவிட எனக்கு மனமில்லை.

நீ சொன்னதில் பாதி உண்மை. அவருடைய ஆட்டங்களின் இறுதிக்கட்டம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வரும்: எதிராளியின் காலைத் தன் காலால் பின்னிக்கொண்டு இருவருமாகப் பின்புறம் சாய்வது, முழங்காலில் முதுகை மோதவைப்பது, இரண்டாவது கயிற்றிலிருந்து முழங்கையை நீட்டிப் பாய்வது, கடைசியில், எதிராளியின் இரு கால்களையும் பின்னிக் குப்புறத் திருப்பி முதுகை வளைக்கும் ஷார்ப்ஷூட்டர் பிடி. பேச்சைப் பொறுத்தவரை, 1980களில் ஜிம் நைட்ஹார்ட்டுடன் இணையாக ஆடியபோது மேலாளர் ஜிம்மி ஹார்ட் அதைப் பார்த்துக்கொண்டார்; தனியாக ஆடத் தொடங்கிய பிறகும் பிரெட்டின் பேட்டிகள் பல ஆண்டுகள் உயிரில்லாமல்தான் இருந்தன. 1997-இல் அமெரிக்காவைத் திட்டித் தீர்க்கும் வில்லனாக மாறிய பிறகே அவர் வாயில் சூடு வந்தது.

ஆனால் நீ அளக்கும் கோல் தவறானது. நம் தோட்டத்துக் கோயிலில் நடக்கும் சூரசம்ஹாரத்தில் சூரன் விழப்போகிறான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். இருந்தும், சூரனைத் தூக்கி ஆடுகிறவர்கள் உயிரைக் கொடுத்து ஆடும் ஆண்டில்தான் முருகனின் வேலுக்கு மரியாதை கூடுகிறது. ரெஸ்லிங்கிலும் முடிவு முன்னதாகவே பேசி வைக்கப்பட்டது என்பதால், ஒரு மல்லர் எத்தனை பேரை வென்றார் என்ற கணக்கு அவருடைய திறமையைப் பற்றி அதிகம் சொல்லாது. அவரோடு ஆடி இறங்கியவர், ஏறியபோது இருந்ததைவிடப் பெரியவராக இறங்கினாரா என்று பார்க்க வேண்டும். இந்திய மல்லர் தாராசிங்கின் புகழைப் பற்றி லயத்துப் பெரியவர்கள் பேசும்போதெல்லாம் கூடவே கிங்காங் பெயரும் வருவதைக் கவனித்திருப்பாய். ஹங்கேரியரான எமில் சாயா அந்தப் பெயரில், அந்த மலைபோன்ற உடம்போடு எதிரே நின்றிராவிட்டால் தாராசிங்கின் வெற்றிக்கு அத்தனை எடை இருந்திருக்காது.

இந்தக் கோலால் அளந்தால் பிரெட்டுக்கு நிகரானவர்கள் மிகச் சிலர்தாம். டபிள்யூடபிள்யூஎஃப் நிறுவனத்தின் ஆண்டு நிகழ்ச்சியான சம்மர்ஸ்லாமில், 1991-இல், நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில், மிஸ்டர் பெர்ஃபெக்ட் என்ற கர்ட் ஹென்னிக்கிடமிருந்து அவர் உலகப் பட்டத்துக்கு அடுத்த நிலையிலிருந்த இன்டர்காண்டினென்டல் பட்டத்தை வென்ற ஆட்டத்தை எடுத்துக்கொள். டவுனில் வீடியோ நாடாவை வாடகைக்கு எடுத்து வந்து பார்த்த காலத்தில், ஹென்னிக் அன்று மோசமான முதுகுக் காயத்தோடு ஆடினார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவராமல் போனதுதான் அந்த இருவரின் வேலைத்திறன். முடிவில் ஹென்னிக் காலை நீட்டி மேலே விழ வரும்போது பிரெட் தரையில் படுத்தபடியே அந்தக் காலைப் பிடித்து ஷார்ப்ஷூட்டராகத் திருப்புகிறார். வலியோடு இருப்பவரைத் தூக்கிப் போடத் தேவையில்லாத, அதேசமயம் அரங்கத்தையே எழுந்து நிற்கவைக்கும் முடிவு அது.

அடுத்த ஆண்டு, 1992 ஆகஸ்ட் 29 அன்று, லண்டன் வெம்பிளி அரங்கில் அவர் தம் தங்கையின் கணவரான டேவி பாய் ஸ்மித்தோடு மோதினார். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே திட்டமிட்டதையெல்லாம் டேவி மறந்துவிட்டார் என்றும், அடுத்தடுத்து என்ன செய்வது என்பதைத் தாமே காதில் சொல்லிச் சொல்லி நடத்திச் சென்றதாகவும் பிரெட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆட்டக்காரர்கள் தம் கதையைச் சற்றுக் கூட்டிச் சொல்வது வழக்கம்தான், ஆனாலும் படத்தைப் பார்க்கும்போது அவர் சொல்வதை நம்பத் தோன்றுகிறது. தோற்றவர் பிரெட், சொந்த நாட்டு மக்கள் முன் மாவீரராக வெளியே போனவர் டேவி.

உன் கேள்விக்கு முழுப் பதில் 1997 மார்ச் 23 அன்று சிகாகோ அருகே நடந்த, அதே நிறுவனத்தின் மிகப் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான 13-ஆம் ரெஸில்மேனியாவில் இருக்கிறது. அன்று பிரெட் நல்லவர், ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் கெட்டவர் என்பதே நிறுவனம் எழுதிய கதை. ஆனால் கூட்டம் ஏற்கெனவே ஆஸ்டின் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. அந்தச் சாய்வை எதிர்த்து நிற்காமல், பிரெட் தம் ஆட்டத்தையே அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணலாக்குகிறார்: ஆஸ்டினின் காலைக் குறிவைத்து அடிக்கிறார், அதை ரிங் கம்பத்தில் கட்டி முறுக்குகிறார், ரசிகனுக்கு எரிச்சல் வரும் அளவுக்கு நிதானமாக அதைச் செய்கிறார். கடைசியில் ஷார்ப்ஷூட்டரில் சிக்கி, முகமெல்லாம் இரத்தம் வழிய, ஆஸ்டின் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே மயங்கிப் போகிறார். நடுவராக நின்ற கென் ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்துகிறார். மணி அடித்த பிறகும் மயங்கிக் கிடப்பவரை பிரெட் மீண்டும் தாக்க, அந்த நொடியில் நல்லவரும் கெட்டவரும் இடம் மாறிவிடுகிறார்கள். வென்றவர் வசைகளுக்கு நடுவே வெளியேறினார், தோற்றவர் கைத்தட்டலோடு நொண்டி நடந்தார், மறு ஆண்டு ரெஸில்மேனியாவில் உலகப் பட்டத்தை வென்றார். ஐந்து பிடிகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை அந்த உயரத்துக்கு ஏற்றிவிட முடிந்தால், ஆறாவது பிடி எதற்கு?

அடி வாங்கும் கலையையும் பார். மூலைத் திண்டில் நெஞ்சு பட மோதி அவர் சரிவதைப் போல இன்றுவரை வேறு யாரும் செய்து நான் பார்க்கவில்லை. தந்தை ஸ்டூ ஹார்ட் கல்கரி வீட்டின் நிலவறையில் பலரையும் கதறவைத்துப் பயிற்சி கொடுத்தவர். அந்த வீட்டில் வளர்ந்த மகனோ, தம்மோடு ஆடிய எவரையும் படுகாயப்படுத்தியதில்லை என்பதைத்தான் தம் பெரிய பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவரின் ஆட்ட வாழ்க்கையை 1999 டிசம்பரில் சக மல்லர் கோல்ட்பர்க்கின் ஓர் உதை முடித்துவைத்தது. தலையில் பட்ட அந்த அடியின் விளைவாக, மறு ஆண்டே ஓய்வு பெற்றார். நீ பழகும் சுழன்று விழும் வித்தைகள் அழகாகவே இருக்கின்றன, ஆனால் கீழே நிற்பவனின் கழுத்தை நீ பார்ப்பதாக உன் காணொளிகளில் தெரியவில்லை.

அவரிடம் குறை காணாமல் இல்லை. 1997 நவம்பர் 9 அன்று மாண்ட்ரியலில், வேறு நிறுவனத்துக்குப் போக ஒப்பந்தமாகிவிட்ட நிலையில், கனடா மண்ணில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க அவர் மறுத்தார். அவருக்கே தெரியாமல் மணியடிக்கச் சொல்லி நிறுவன முதலாளி வின்ஸ் மெக்மேன் பட்டத்தைப் பறித்தது துரோகம்தான். இறுதி நாள்களில் தம் கதையைப் பற்றிப் பேச பிரெட்டுக்கு ஒப்பந்தப்படி உரிமையும் இருந்தது. ஆயினும் டேவிக்கும், தம்பி ஓவனுக்கும், ஆஸ்டினுக்கும் அள்ளிக் கொடுத்தவர் அந்த ஓரிரவு தம் கதாபாத்திரத்தின் மானத்தைத் தம் சொந்த மானமாகவே எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு அந்தப் புது நிறுவனமான டபிள்யூசிடபிள்யூவில் கழிந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

அடுத்த பயிற்சிக்கு முன் 1991 ஆட்டத்தையும், 1994 ரெஸில்மேனியாவில் அவர் ஓவனிடம் தோற்ற ஆட்டத்தையும் ஒலியை அணைத்துவிட்டுப் பார். இரண்டிலும் பிரெட்டை விட்டுவிட்டு எதிராளியை மட்டும் கவனி. அவர் எங்கே விழுகிறார், விழும்போது அவருடைய தலையும் முதுகும் யார் கையில் இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு வா. மைக்கேல்ஸோடு மோதிய 1996-ஆம் ஆண்டின் அறுபது நிமிட ஆட்டத்தைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம். ஊரே அதைக் காவியம் என்கிறது, எனக்கு அதில் பாதி நேரம் கொட்டாவிதான் வந்தது.

அன்புடன்,
மாமா
சுங்கை சிப்புட்